குதிரைத்திறனும் கணக்கேடும்

தமிழிலக்கியம் பயின்ற ஒருவன் மகிழுந்தின் குதிரைத்திறனைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், வண்டியின் அச்சையும் வீட்டின் வரவு செலவையும் ஒரே அதிகாரத்துள் வைத்துப் பேசியவர் வள்ளுவப் பெருந்தகை. திருக்குறளின் 48-ஆம் அதிகாரமாகிய ‘வலியறிதல்’ அரசர்க்குரிய பகுதியில் அமைந்திருந்தாலும், அதனுள் வரும் உவமைகள் நம் போன்ற எளிய மாந்தரின் வாழ்விலிருந்து எடுக்கப்பட்டவையே. ஏற்றும் பொருளின் மென்மையை நம்பி அளவை மறந்தவனின் வண்டி என்னவாகும் என்று அவர் காட்டுகிறார். கல்லூரியில் படித்த காலத்தில் அந்த அதிகாரத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். அதன் பொருள் விளங்கியதோ, என் மருமகன் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்துடன் என்னிடம் வந்த ஆண்டில்தான்.

மண்டபத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். பயின்றது தமிழானாலும், பிழைப்புக்குக் கைகொடுத்தது கணக்கேடு. விசைப்படகு உரிமையாளர்கள் சிலருக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வரவு செலவு எழுதி வந்தேன். ஆகவே, வீட்டில் எவருக்குப் பெரிய செலவு வந்தாலும் அதன் கணக்கு என் மேசைக்கு ஒருமுறை வந்து போவது வழக்கம்.

மருமகனின் திட்டம்

என் தமக்கையின் மகன் வளைகுடா நாடொன்றில் வாகனப் பழுதுபார்க்கும் பட்டறையில் ஒன்பது ஆண்டுகள் உழைத்தவன். வெயிலையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பொறுத்து, வீட்டுக்கு அனுப்பியது போகத் தனக்கென 12 இலட்சம் ரூபாய் சேர்த்திருந்தான். பிறருடைய விலையுயர்ந்த வாகனங்களைப் பிரித்துப் பூட்டிய கைக்குத் தனக்கென ஒன்றை உருவாக்க வேண்டும் என்னும் ஆசை எழுந்தது இயல்பே. ஆடம்பரம் என்று அதனை நான் தள்ளிவிடவில்லை. தச்சன் தனக்கொரு கட்டில் செய்துகொள்ள விரும்புவது போன்றதே அது.

அவன் தேர்ந்தெடுத்தது பழைய போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. என்னும் மகிழுந்து. இந்தியாவில் 2013-இல் அறிமுகமாகி, 2022-இல் போலோ விற்பனை நிறுத்தப்படும்வரை நம் இளைஞர் பலரின் கனவாக விளங்கிய வாகன வரிசையைச் சேர்ந்தது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 105 குதிரைத்திறன். அதனை 200 குதிரைத்திறனாக உயர்த்தி, நாள்தோறும் சாலையில் ஓட்டக்கூடிய வண்டியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் விருப்பம்.

நோட்டின் முதற்பக்கத்தில் அவன் எழுதியிருந்த கணக்கு இது: பழைய வண்டியின் விலை 4,50,000, பெரிய டர்போ, இன்டர்கூலர், இன்ஜெக்டர், எஞ்சின் கணினியின் மறுஅமைப்பு ஆகியவற்றுக்கு 3,50,000, புகைக்குழாய் 60,000, அலாய் சக்கரமும் டயரும் 1,20,000, வண்ணப்பூச்சு 70,000, இசைக்கருவி 50,000. மொத்தம் 11 இலட்சம். கோவையிலும் சென்னையிலும் உள்ள பட்டறைகளில் விசாரித்து வாங்கிய விலைகள் அவை.

“ஒரு இலட்சம் மிச்சம் இருக்கு மாமா” என்றான்.

கூட்டலில் பிழையில்லை. ஆனால், அந்தப் பக்கத்தில் இருந்தவை எல்லாம் வண்டியை ஓடச் செய்பவையும் அழகு செய்பவையுமே. தாங்குவதற்கும் நிறுத்துவதற்கும் உரிய பொருள் ஒன்றுகூட அதில் இல்லை.

படகு சொல்லும் பாடம்

நம் கரையில் குதிரைத்திறன் புதிய சொல்லன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையேறும். அடிப்பலகை சுரண்டப்படும், எஞ்சின் பிரிக்கப்படும். அந்நாள்களில்தான், “இந்த வருசம் பெரிய எஞ்சினாப் போட்டுறலாமா?” என்ற பேச்சும் எழும்.

அப்பேச்சு எழும்போது மூத்த படகோட்டிகள் எஞ்சினின் விலையைக் கேட்பதில்லை. அதைத் தாங்கும் அடித்தளம் எப்படி இருக்கிறது, கியர் பெட்டி ஈடுகொடுக்குமா, சாப்ட் முறுக்கிக்கொள்ளுமா, புரொப்பெல்லரை மாற்ற வேண்டுமா, சுக்கான் அந்த வேகத்துக்குக் கேட்குமா, டீசல் எத்தனை லிட்டர் கூடும் என்று வரிசையாகக் கேட்பார்கள். பாக் நீரிணையில் விசைப்படகு கடலுக்குப் போவது வாரத்தில் மூன்று நாள். அந்த மூன்று நாள் வருவாய், கூடுதல் திறனுக்கான ஏழு நாள் செலவைச் சுமக்குமா என்பது கடைசிக் கேள்வி. எஞ்சினின் விலை ஒருமுறை கொடுப்பது. எஞ்சினுக்கு ஈடுகொடுக்கும் விலை நாள்தோறும் கொடுப்பது. இந்த உண்மையை என் கணக்கேடுகள் எனக்குப் பலமுறை காட்டியிருந்தன.

அந்தக் கேள்விகளையே மருமகனிடம் கேட்டேன். அவன் தொழில் தெரிந்தவன். விடைகள் அவனிடமே இருந்தன. ஆசையின் வேகத்தில் அவற்றை முதற்பக்கத்தில் எழுதாமல் விட்டிருந்தான். இருவரும் இரண்டாம் பக்கத்தைத் தொடங்கினோம்.

இரண்டாம் பக்கம்

முதலில் கியர் பெட்டி. அவ்வண்டியில் உள்ள ஏழு கியர் தானியங்கிப் பெட்டி, 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. எஞ்சின் பட்டறையிலிருந்து வரும்போது தருவது 175. இடையில் உள்ள வேறுபாடே அதன் ஆயுள். 200 குதிரைத்திறனை நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில் பெறுவதற்கு அந்த இடத்திலேயே ஏறத்தாழ 234 நியூட்டன் மீட்டர் வேண்டும். டர்போ எஞ்சினோ நடுச்சுழற்சியில்தான் மிகுதியாக முறுக்கும். அங்கே 250 என்னும் எல்லை எளிதில் உடையும். வள்ளுவர் சொன்ன அச்சு இக்காலத்தில் கியர் பெட்டிக்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கிளட்சையும் பெட்டியையும் வலுப்படுத்த 1,80,000 என்று எழுதினோம். எஞ்சினுக்குள்ளே வலுவான பிஸ்டனும் கனெக்டிங் ராடும் மாற்ற 1,50,000.

அடுத்தது பிரேக். இங்கு ஒரு சிறு இயற்பியல் கணக்கு. வேகம் இரட்டித்தால் வண்டி சுமக்கும் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். நல்ல உலர்ந்த சாலையில் 60 கி.மீ. வேகத்தில் செல்பவன், ஆபத்தைக் கண்டு காலை வைக்க ஒரு விநாடி எடுத்துக்கொண்டால் அதற்குள் 17 மீட்டர் போய்விடுகிறான். பிறகு வண்டி நிற்க 20 மீட்டர். ஆக 37 மீட்டர். 120 கி.மீ. வேகத்தில் அதே மனிதனுக்கு 33 மீட்டரும் 81 மீட்டரும் சேர்ந்து 114 மீட்டர் வேண்டும். எஞ்சின் பெருத்ததால் மனிதனின் ஒரு விநாடி சுருங்குவதில்லை. பிரேக் வட்டு, பட்டை, எண்ணெய்க்குழாய் ஆகியவற்றுக்கு 90,000; சஸ்பென்ஷனுக்கு 90,000; கூடுதல் வெப்பத்தைத் தணிக்கும் ரேடியேட்டர், ஆயில் கூலர் ஆகியவற்றுக்கு 60,000; வண்டியை வெளியூர்ப் பட்டறைக்குக் கொண்டுசென்று, திறனை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றிச் சரிபார்த்துத் திரும்ப 50,000.

இவையனைத்தும் 6,20,000 ஆயின. மொத்தம் 17,20,000. இருந்தது 12.

இத்தனை செலவுக்கும் கிடைக்கும் பயன் என்ன? வண்டியின் வேகம் ஏற ஏறக் காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்கிறது. எனவே 105 என்பது 200 ஆனாலும் உச்ச வேகம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் கூடும். நின்ற இடத்திலிருந்து பாயும் விரைவு கூடும் என்பது உண்மை; அந்த இன்பத்தை நான் மறுக்கவில்லை. ஆனால், அந்த இன்பத்தின் விலை இன்னதென்று தெரிந்துதான் வாங்க வேண்டும்.

உப்புக்காற்றின் வரி

மண்டபத்து மக்கள் கட்டும் வரிகளில் அரசின் பட்டியலில் இல்லாத ஒன்று உண்டு. அது கடற்காற்றுக்குக் கட்டும் வரி. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோகங்கள் துருவேறும் விதத்தை ஆராய மண்டபம் முகாமில் ஒரு நிலையத்தை அமைத்தது என்றால், நம் காற்றின் குணத்துக்கு வேறு சான்று வேண்டுவதில்லை. பாம்பனில் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய இரயில் பாலத்தில் துருப்பிடியாத எஃகுக் கம்பிகளையும் தனிவகைக் காப்புப் பூச்சையும் பயன்படுத்தியிருப்பதும் அதற்காகவே.

கோவையில் கட்டிய வண்டி கோவையில் பத்தாண்டு தாங்கலாம். அதே வண்டி நம் வாசலில் நின்றால், புதிய புகைக்குழாயின் பற்றவைப்புகள், பிரேக் குழாய்கள், மின்னிணைப்புகள் ஆகிய மூன்றையும் உப்பு முதலில் தேடி வரும். நிறுவனம் பூசி அனுப்பிய காப்பு, துளையிட்டும் வெட்டியும் பற்றவைத்தும் மாற்றிய இடங்களில் போய்விடும். அரிச்சல்முனைச் சாலை 2017-இல் திறக்கப்பட்ட பின்னர், அதன் நேர்நீளம் இளைஞர்களை அழைக்கிறது. இருபுறமும் கடல், சாலை மீது காற்று வாரிப் போடும் மணல். அகன்ற டயர் வாங்கியவனும் மணல்மேல் பிரேக் பிடித்தால் வழுக்கவே செய்வான்.

எதிர்பாராத செலவு

படகுக் கணக்கு எழுதிய நாள் முதல் நான் கைவிடாத பழக்கம் ஒன்றுண்டு. எந்த வேலைக்கும் மொத்தத்தின் மீது ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து எழுதுவது. “எதுக்கு மாமா இது?” என்றான் மருமகன். “எதுக்குன்னு தெரியாததுக்கு” என்றேன்.

நம் கண்ணெதிரே எழுந்த பாலத்தையே எடுத்துக்காட்டினேன். புதிய பாம்பன் இரயில் பாலத்துக்கு 2019-இல் பேசப்பட்ட தொகை சுமார் 250 கோடி ரூபாய். திறந்து வைக்கப்பட்டபோது செலவு 550 கோடியைக் கடந்திருந்தது. பொறியாளர் பலர் கூடி, ஆண்டுக்கணக்கில் வரைந்து, அரசின் கருவூலம் பின்னால் நின்று நடந்த வேலையிலேயே மதிப்பீடு இரட்டிக்குமாயின், தனிமனிதன் ஒருவன் தொலைபேசியில் கேட்டு எழுதிய விலைகளை எவ்வளவு நம்பலாம்?

வண்டியின் விலை நீங்கலாக, வேலைக்கான 12,70,000-இல் ஐந்தில் ஒரு பங்கு 2,54,000. அதனைச் சேர்த்தால் 19,74,000. கூடுதலாகப் பெறும் 95 குதிரைத்திறனுக்கு வேலைச்செலவு மட்டும் 15,24,000; ஒரு குதிரைக்கு 16,000 ரூபாய்க்குச் சற்றே மேல். அந்த எண்ணை எழுதியபோது அவன் பேனாவை வைத்துவிட்டான்.

பற்றாக்குறையான ஏழே முக்கால் இலட்சம் எங்கிருந்து வரும்? வட்டிக்கு வாங்குவதில்லை என்பது எங்கள் வீட்டில் என் தந்தையார் காலத்திலிருந்து காத்துவரும் உறுதி. ஆகவே, அது இரண்டே இடங்களிலிருந்து வரக்கூடும்: செவிலியர் படிப்பின் இரண்டாம் ஆண்டிலிருந்த அவன் தங்கைக்கு எஞ்சிய இரண்டு ஆண்டுக் கட்டணம், அல்லது மழைக்கு ஒழுகும் மாடியறைக்கென அவன் தாய் ஒதுக்கி வைத்திருந்த தொகை. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

சட்டத்தின் கோடு

கணக்கு முடிந்த பின்னும் ஒன்று எஞ்சி நின்றது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பு அதனை மேலும் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

அபராதத் தொகை சிறிதென்று எண்ணுவோர் உளர். பெரிய செலவு அங்கில்லை. விபத்து நேர்ந்தால், அறிவிக்காமல் மாற்றப்பட்ட வண்டி என்று காப்பீட்டு நிறுவனம் வழக்காடக்கூடும். எதிரே வந்தவனின் குடும்பத்துக்குச் சேர வேண்டிய இழப்பீடு, அப்போது ஓட்டியவனின் வீட்டையே தேடி வரும். 1988 அக்டோபர் 2 அன்று திறக்கப்பட்ட நம் பாம்பன் சாலைப் பாலத்தில், வண்டிகளை நிறுத்திக் கடலைப் பார்த்து நிற்கும் குழந்தைகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்கள் எவருடைய நோட்டுப் புத்தகத்திலும் இடம்பெறாதவர்கள். ஆயினும், கணக்கு தவறினால் விலை கொடுப்பவர்கள் அவர்களே.

கோவை காட்டிய வழி

அப்படியாயின், வேகத்தை விரும்பும் இளைஞனுக்கு நம் நாட்டில் வழியே இல்லையா? உண்டு. அதைக் காட்டியவர் கோவைத் தொழிற்குடும்பம் ஒன்றில் பிறந்த எஸ். கரிவரதன். பந்தய வண்டி என்றால் வெளிநாட்டிலிருந்து பெரும்பொருள் கொடுத்து வரவழைப்பது என்றிருந்த காலத்தில், மாருதி 800-இன் 796 கன சென்டிமீட்டர் எஞ்சினைக் கொண்டு, எடை குறைந்த ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை இங்கேயே உருவாக்கினார். ‘ஃபார்முலா மாருதி’ எனப்பட்ட அவ்வண்டி, செல்வர்களின் விளையாட்டை நடுத்தர வீட்டுப் பிள்ளைகளும் எட்டிப் பார்க்கச் செய்தது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான கோவை நாராயண் கார்த்திகேயனும் அவ்வகை வண்டியில் பயின்றவரே. கரிவரதன் 1995-இல் வான்கல விபத்தில் மறைந்தார். 2003-இல் கோவை செட்டிபாளையத்தில் அமைந்த பந்தயத்தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் செய்தது என்ன? குதிரைகளைக் கூட்டவில்லை; சுமையைக் குறைத்தார். கையிலிருந்த சிறிய எஞ்சினின் வலியை முதலில் அறிந்து, அதற்கேற்ற உடலை வரைந்தார். செலவின் எல்லை அவர் அறிவுக்குத் தடையாகவில்லை. அதுவே அவர் அறிவுக்கு வேலை கொடுத்தது. அவ்வண்டிகள் ஓடியதும் ஊர்ச்சாலையில் அன்று. அதற்கென்றே அமைந்த தடத்தில், தலைக்கவசம் அணிந்து, மருத்துவ ஊர்தி பக்கத்தில் நிற்க ஓடின. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் உள்ள 3.7 கி.மீ. பந்தயத்தடமும் அத்தகையதே. மண்டபத்திலிருந்து அது ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் என்பது உண்மை. ஆனால், வேகத்துக்கு உரிய இடம் தொலைவில் இருப்பதால், அருகிலுள்ள தெரு அதற்குரிய இடமாகிவிடாது.

மூன்றாம் பக்கம்

நோட்டு மூன்று நாள் அவனிடமே இருந்தது. இடையில் ஒருநாள் என் தமக்கை வந்து, “அவன் ஒழைச்ச காசு, அவன் ஆசை. நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா அது ரோட்டுல போற நேரமெல்லாம் நான் வாசல்லதானே நிக்கணும்?” என்றார். இதற்கு எந்தக் கணக்கேட்டில் எந்தத் தலைப்பின்கீழ் பற்று எழுதுவது என்று எனக்கு இன்றும் தெரியாது.

நான்காம் நாள் அவனே மூன்றாம் பக்கத்தை எழுதிக்கொண்டு வந்தான். அதே பழைய வண்டி 4,50,000. பிரேக், நல்ல டயர், தேய்ந்த சஸ்பென்ஷன் உறுப்புகள், அடிப்பாகம் முழுதும் துருக்காப்பு ஆகியவற்றுக்கு 1,80,000. கைகாவல் 1,20,000. மொத்தம் ஏழரை இலட்சம். எஞ்சின் 105 குதிரையிலேயே நின்றது. எஞ்சிய நாலரை இலட்சத்தின் முதற்பங்கு தங்கையின் கட்டணத்துக்கு என்று அவன் கையாலேயே எழுதியிருந்தான்.

“ஓட வைக்கிறதுக்குக் காசு இருந்துச்சு மாமா. நிப்பாட்டுறதுக்கு இல்ல” என்றான்.

ஆசையை அவன் துறந்துவிட்டான் என்று நான் சொல்ல மாட்டேன். 200 குதிரைத்திறனுக்குரிய இரண்டாம் பக்கத்தை அவன் கிழிக்கவில்லை. நண்பர் சிலருடன் சேர்ந்து, சாலைக்கு வராத, பந்தயத்தடத்துக்கு மட்டுமே உரிய சிறிய வண்டி ஒன்றைக் கட்ட வேண்டுமென்று அதன் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறான். “இன்ஷா அல்லாஹ், பாப்போம்” என்று சிரிக்கிறான். அந்த நாள் வந்தால் அதன் கணக்கையும் நானே சரிபார்ப்பேன். இப்போதைக்கு அந்த வண்டி வெள்ளிதோறும் நல்ல தண்ணீரில் அடிப்பாகம் வரை கழுவப்பட்டு, துரு இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மாடியறையில் அவ்வாண்டு மழை ஒழுகவில்லை.

மாணவச் செல்வங்களுக்கு

உங்களுள் சிலர் வாகனம் வாங்குவீர்கள். சிலர் வீடு கட்டுவீர்கள். சிலர் தொழில் தொடங்குவீர்கள். எதுவாயினும் திட்டம் என்பது ஆசையின் பட்டியலாக மட்டும் அமைந்துவிடலாகாது. நான் கணக்கெழுதிக் கண்ட முறை எளியது. முதல் வரியில், எடுத்த வேலையை இடையில் நிறுத்த நேர்ந்தால் ஆகும் செலவை எழுதுங்கள். இரண்டாம் வரியில், அதைத் தாங்கும் உறுப்புகளின் செலவு. மூன்றாவது, நாள்தோறும் பேணும் செலவு. நான்காவது, தெரியாததற்கென ஐந்தில் ஒரு பங்கு. ஐந்தாவது, சட்டமும் அண்டை அயலாரும் அதற்கு இடம் தருகின்றனரா என்னும் கேள்வி. இவ்வைந்தும் எழுதிய பின்னர் மிஞ்சும் தொகை எவ்வளவோ, அவ்வளவு வலிமையை வாங்குங்கள். அது 105 ஆனாலும் குறையில்லை. தாங்கவும் நிறுத்தவும் பேணவும் முடிந்த வலிமையே உங்களுடையது, மிகுந்தது கடன்.